லுஹரும் அஸரும் வேலை நேரத்தில்: எங்கே, எப்படித் தொழுவது?

போன மாதம் சாச்சி (சின்னம்மா) மகள் போன் செய்தாள். சோழிங்கநல்லூரில் புது வேலை, சேர்ந்து 3 வாரம்தான் ஆகிறது. நடுப்பகல் தொழுகையான லுஹரும் பிற்பகல் தொழுகையான அஸரும் வேலை நேரத்தில் வருகின்றன. "லாத்தா, இங்க தொழ இடமே இல்ல. லுஹரை ராத்திரி வீட்டுக்கு வந்து களா பண்றேன். அஸரும் அப்படியே போயிடுது. எல்லாத்தையும் சேர்த்துத் தொழும்போது அழுகையா வருது. வேலையை விட்டுடவா?" என்று கேட்டாள். (களா என்றால் நேரம் தவறிய தொழுகையைப் பின்னால் நிறைவேற்றுவது.)

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. கல்லூரி விடுதியில் இருக்கும் தம்பிகள், இரவு ஷிப்ட் பார்க்கும் தங்கைகள், ஊரிலிருந்து சென்னைக்கு முதல்முறை வேலைக்கு வரும் பிள்ளைகள் என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்டுவிடுகிறார்கள். நானும் காயல்பட்டினத்திலிருந்து இப்படி வந்தவள்தான். 11 வருடமாக ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம்) சாலையில் 3 அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். கீழே சொல்லும் வழிகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்தவள் என்பதால், எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா இல்லை. சந்தேகமான இடங்களில் உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் (பகுதிப் பள்ளிவாசல் இமாமிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் வக்து, அதாவது தொழுகைக்குரிய நேரம். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆவது வசனம் சொல்கிறது. ஆகவே "வீட்டுக்குப் போய்க் களா" என்பதை நான் ஒரு வழியாகவே இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. தவறிப்போனால் களா செய்துதான் ஆக வேண்டும், அது வேறு. தினமும் தவறவிடுவதையே திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது ஒளு, அதாவது தொழும் முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்வது. இடம் கிடைத்தாலும் கால் கழுவ வழியில்லாமல் திண்டாடியவர்கள் நிறைய. அப்புறம், மொத்தம் எத்தனை நிமிடம் பிடிக்கிறது, வேலைக்கோ வகுப்புக்கோ அதனால் என்ன பாதிப்பு, பெண்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறதா என்பவை. கடைசியாக, நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது: இதை 5 வருடம் தொடர முடியுமா? ஆரம்ப உற்சாகத்தில் ஒரு மாதம் எதுவும் நடக்கும்.

## முதலில் உங்கள் நேரக் கணக்கு

இதை யாரும் செய்வதில்லை. "அஞ்சு வேளையும் போச்சு" என்ற கலக்கத்தோடுதான் வருகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் சிக்கல் ஒன்றரை வேளைதான் என்று தெரியும்.

சென்னையில் லுஹர் வக்து வருடம் முழுக்க 12 மணியை ஒட்டித்தான் தொடங்குகிறது. சில நாட்களில் கொஞ்சம் முன்னால், சில நாட்களில் 12.25 வரை. அது அஸர் வரை நீளும். மதியச் சாப்பாட்டு நேரம் இதற்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. ஆக லுஹரில் பிரச்சினை இடம் மட்டும்தான், நேரம் இல்லை.

அஸர்தான் மாட்டிக்கொள்ளும். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) பொருளின் நிழல், நடுப்பகல் நிழலை விட்டுவிட்டு, பொருளளவுக்கு ஆனதும் அஸர். ஹனஃபியில் இரு மடங்கு ஆக வேண்டும். சென்னைக் கணக்கில் ஷாஃபிகளான எங்களுக்கு 3.10இலிருந்து 3.45க்குள் வந்துவிடும், ராவுத்தர் வீடுகளிலும் உருது பேசும் வீடுகளிலும் பின்பற்றும் ஹனஃபி கணக்கில் 4.05இலிருந்து 4.45 வரை ஆகும். என் டீமில் உத்தமபாளையத்துத் தம்பி ஒருவர் இருந்தார். எனக்கு 3.30, அவருக்கு 4.30. ஒரே சின்ன அறையை இருவரும் நெருக்கடி இல்லாமல் பயன்படுத்த அந்த ஒரு மணி நேர வித்தியாசம் எங்களுக்கு உதவியது.

சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபை மறந்துவிடாதீர்கள். ஜூலையில் சூரியன் மறைய 6.35க்கு மேல் ஆகிவிடும். நவம்பரில் 5.40க்கே மறைந்துவிடும், 6.50 வாக்கில் இரவுத் தொழுகையான இஷாவும் வந்துவிடும். 6 மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்கி, மழையில் ஓ.எம்.ஆர். நெரிசலில் நின்று, 7.15க்கு வீடு சேர்ந்தால் மஃரிப் வழியிலேயே போய்விடும். வருடத்தில் 3 மாதம் இந்தக் கதை. சூரியன் மறைந்ததும் அங்கேயே தொழுதுவிட்டுக் கிளம்பினால் முடிந்தது.

## வழி 1: பக்கத்துப் பள்ளிவாசல்

ஆண்களுக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை. ஜமாஅத்தாக (கூட்டாக)த் தொழுவது தனியாகத் தொழுவதைவிட 27 மடங்கு சிறப்பு என்ற ஹதீஸ் எல்லோரும் அறிந்தது. ஒளுவுக்குக் குழாய், சுத்தமான விரிப்பு, கிப்லா (தொழும் திசை) எந்தப் பக்கம் என்ற குழப்பம் இல்லை. அந்த அரைமணி நேரம் திரையைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்ப்பதும் ஒரு நன்மை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தூரத்தில். வரைபடத்தில் 900 மீட்டர் என்று காட்டும். லிப்ட்டுக்குக் காத்திருந்து, வாகனம் எடுத்து, யூ டர்ன் தேடி, செருப்பை விட்டு, திரும்பி வந்து அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைய 40 நிமிடம் ஆகிவிடும். லுஹருக்குச் சரி, அது சாப்பாட்டு நேரம். அஸருக்கும் அப்படியே போனால் ஒரு நாளில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மாதக் கடைசியில் யாராவது கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். நடந்து 7 நிமிடத்தில் போகும் தூரம் என்றால் இரண்டுக்கும் போங்கள். அதற்கு மேல் என்றால் லுஹருக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு இந்த வழி பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் (தொழுமிடங்கள்) உண்டு. உம்மாவோடு சின்ன வயதில் போய் உட்கார்ந்த நினைவு இன்னும் இருக்கிறது. சென்னைக்கு வந்த புதிதில், ஒரு பள்ளி வாசலில் ஒளுவோடு நின்று "பொம்பளைங்களுக்கு இடம் இல்லம்மா" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்களும் மாணவிகளும் இத்தனை பேர் ஆன பிறகும், வணிகத் தெருவிலும் அலுவலகப் பகுதியிலும் இருக்கும் பள்ளிகள் ஒரு தடுப்பும் ஒரு குழாயும் வைத்துக் கொடுக்காமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்க வேண்டும். இடம் இருக்கும் பள்ளிகள் சில உண்டு. வேலையில் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

## வழி 2: யாருக்கும் சொல்லாமல் ஒரு மூலை

முக்கால்வாசிப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்ற நபிமொழி தரும் ஆறுதல் பெரிது. சுத்தமான ஓர் இடமும் திசையும் போதும். (சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது.)

என் முதல் அலுவலகத்தில் அவசர வழிப் படிக்கட்டில், 5ஆம் மாடிக்கும் 6ஆம் மாடிக்கும் நடுவில் இருந்த திருப்பம் என் இடம். தொழுகை விரிப்பான முஸல்லாவைத் துப்பட்டாவுக்குள் மடித்து எடுத்துப் போவேன். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஓதிக்கொண்டிருந்த சூரா மறந்துவிடும். ஒரு நாள் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருக்கும்போது மேலிருந்து யாரோ இறங்கி வந்து, சட்டென்று நின்று, திரும்பி ஏறிப் போனார்கள். ஸலாம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் துப்புரவு வேலை செய்யும் அக்கா, மேல்படியில் கதவருகே நின்றுகொண்டிருக்கிறார். "நீ முடிம்மா, நான் யாரையும் விடல" என்றார். மறுநாள் போனபோது பிரிண்டர் பேப்பர் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, துடைத்து, அந்தத் திருப்பத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். தரை சில்லென்று இருக்குமே என்று யோசித்திருக்கிறார். 7 மாதம் அந்த அட்டையின் மேல்தான் முஸல்லா விரித்தேன்.

அந்த அக்காவை நினைத்தால் இன்றும் துஆ செய்கிறேன். ஆனாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் பாதுகாப்பு. அவசர வழியும் வாகன நிறுத்தமும் யாரும் வராத இடங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு நல்லதில்லை. இன்னொன்று, ஒளித்துச் செய்யும் எதையும் தப்பு செய்வதாகவே மனம் எடுத்துக்கொள்ளும். மேலாளர் "எங்க போயிருந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டபோது "போன் பேச" என்று பொய் சொன்னேன். தொழுதுவிட்டு வந்து பொய் சொல்கிறோமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வழியின் உண்மையான விலை அதுதான்.

எப்போது இது சரி? நேர்முகத் தேர்வுக்குப் போன நாள், வேலையில் சேர்ந்த முதல் வாரம், வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போன இடம். சில நாட்களுக்கு மட்டும்.

## வழி 3: கேட்டு வாங்கிய இடம்

இதற்குத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நான் கேட்க 7 மாதம் எடுத்துக்கொண்டேன். கேட்ட பின் 4 நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேலாளர் அறைப் பதிவுத் திரையைத் திறந்து, "இந்தச் சின்ன ரூம் 3.30க்கு எப்பவும் காலியாத்தான் இருக்கு, 15 நிமிஷம் போதுமா?" என்றார். பதிவில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "தொழுகை" என்றே எழுதினேன்.

கேட்கும்போது நிமிடத்தைச் சொல்லிக் கேளுங்கள். "தொழ அனுமதி வேண்டும்" என்றால் எதிரில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. "லுஹரைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். பிற்பகலில் 3.30ஐ ஒட்டி 12 நிமிடம் வேண்டும். அவசர வேலை இருந்தால் முன்பின் நகர்த்திக்கொள்ள முடியும், மாலை அதை ஈடுகட்டிவிடுவேன்" என்று சொன்னால் அது ஒரு வேலை ஏற்பாடாக மாறிவிடுகிறது. நகர்த்த முடியும் என்பதும் உண்மைதானே. அஸர் வக்து சூரியன் மறையும் வரை இருக்கிறது. அதைக் கடைசி வரை தள்ளுவது நல்லதில்லை, ஆனால் 3.30க்கே எழுந்தாக வேண்டும் என்றும் இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. என் இரண்டாவது அலுவலகத்தில், "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று மனிதவளத் துறையில் மறுத்துவிட்டார்கள். 2 மாதம் கழித்து, தலைவலிக்கு ஒதுங்க இடம் தேடிய ஒரு தோழியும், மதியம் 10 நிமிடம் தியானம் செய்யும் ஒருவரும், நானும் சேர்ந்து எல்லோருக்குமான ஓர் அமைதி அறை கேட்டோம். பழைய கோப்புகள் கிடந்த அறை கிடைத்தது.

மறைவான செலவுகள் இதற்கும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்துவிடுவதால், வேலை எதற்காகத் தாமதமானாலும் "அவங்க தொழப் போயிருந்தாங்க" என்று பேச்சு வரும். ஆகவே சொன்ன 12 நிமிடத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும். பெண்களுக்கு இன்னொரு சங்கடம்: தொழுகை இல்லாத மாதவிலக்கு நாட்களில் அறைக்குப் போகாவிட்டால் "இன்னிக்கு ப்ரேயர் இல்லையா?" என்று யாராவது வெள்ளந்தியாகக் கேட்பார்கள். அந்த நாட்களிலும் அதே நேரத்துக்கு அறைக்குப் போய்த் திக்ரு (இறை நினைவு) செய்துவிட்டு வர ஆரம்பித்தேன். கேள்வி நின்றது, எனக்கும் அது பிடித்துப்போனது.

அப்புறம் ஒளு. கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைப்பதுதான் அலுவலகங்களில் வரும் முக்கால்வாசிப் புகாருக்குக் காரணம். தரை ஈரமாகி ஒருவர் வழுக்கினால் அந்த அறையே போய்விடும். கணுக்காலை மூடும் தோல் காலுறை, அதாவது குஃப், வாங்கிக்கொள்ளுங்கள். முழு ஒளுவோடு அதை அணிந்துகொண்டால், அதன் பின் முதல்முறை ஒளு முறிந்ததிலிருந்து, உள்ளூரில் இருப்பவருக்கு 24 மணி நேரமும் பயணிக்கு 72 மணி நேரமும், காலைக் கழுவுவதற்குப் பதில் அதன் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்தால் போதும். ஷாஃபியிலும் ஹனஃபியிலும் இது உண்டு. சாதாரணப் பருத்திக் காலுறைக்கு இரண்டிலும் அனுமதி இல்லை. குஃப் வாங்க முடியாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் சின்னத் துண்டும் எடுத்துப்போய், கழிப்பறைக்குள் காலைக் கழுவி, தரையையும் துடைத்துவிட்டு வாருங்கள்.

## வழி 4: வேலை நேரத்தையே மாற்றிக்கொள்வது

காலை 7 முதல் 4 வரை ஷிப்ட் கிடைத்தால் விட வேண்டாம். அலுவலகத்தில் லுஹர் மட்டும்தான் விழும். மதியம் 1 முதல் இரவு 10 வரை என்றால் லுஹரை வீட்டில் முடித்துவிடலாம், ஆனால் அஸர், மஃரிப், இஷா மூன்றும் உள்ளே வரும். இஷாவை 10.30க்கு வீட்டில் தொழலாம், மீதி இரண்டுக்கு இடம் வேண்டும். இரவு ஷிப்ட்டில் பகல் தொழுகைகள் தூக்கத்தில் மாட்டும். விடிகாலை வேன் பயணத்தில் அதிகாலைத் தொழுகையான சுபுஹு நழுவும். கூடுதல் படி தருகிறார்கள் என்பதற்காக அதில் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை அறிவேன்.

வீட்டிலிருந்தே வேலை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கொரோனா காலத்தில் எனக்கு நேர்மாறாக நடந்தது. அலுவலகத்தில் 3.30க்கு எழுந்து பழகிய நான், வீட்டில் "இதோ, இதோ" என்று 5.30 வரை இழுத்தேன். பதவி உயர்வுப் பேச்சு வரும்போது கண்ணில் படாதவர்களை மறந்துவிடுவதும் நடக்கிறது. ஆகவே இதை மட்டும் நம்பி முழுதாக வீட்டு வேலைக்கு மாற வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பள்ளிவாசல் | சொல்லாத மூலை | கேட்டு வாங்கிய இடம் | நேர மாற்றம் |
|---|---|---|---|---|
| வக்து | கிடைக்கும் | நிச்சயமில்லை | கிடைக்கும் | ஷிப்ட்டைப் பொறுத்தது |
| ஒளு | வசதி | சிரமம் | குஃப் இருந்தால் எளிது | வீட்டில் எளிது |
| ஒரு வேளைக்கு நிமிடம் | 20–40 | 10–15, பதற்றத்தோடு | 12–15 | – |
| பெண்களுக்கு | சில இடங்களில் மட்டும் | பாதுகாப்பில்லை | ஏற்றது | ஏற்றது |
| 5 வருடம் தாங்குமா | அருகில் இருந்தால் | தாங்காது | தாங்கும் | நிறுவனத்தைப் பொறுத்தது |

## ஜும்ஆ தனிக் கணக்கு

இதற்கு அலுவலக மூலை உதவாது. ஆண்கள் பள்ளிக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை 12.45 முதல் 2 மணி வரை நாட்காட்டியில் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். குத்பா (ஜும்ஆ உரை) நேரம் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் அந்தப் பகுதியில் முந்தித் தொடங்குவது எது, பிந்தித் தொடங்குவது எது என்று இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டால் அலுவலகக் கூட்டம் தள்ளிப்போன நாளிலும் சமாளிக்கலாம். பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை, லுஹர் 4 ரக்அத் போதும். பல டீம்களில் வெள்ளி மதிய வேலையை நான் பார்த்துக்கொண்டு தம்பிகளை அனுப்பியிருக்கிறேன்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒரு பாடம் வாரம் 3 மணி நேரம், 15 வாரத்தில் 45 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று வெள்ளி மதியம் விழுந்து, 15 வாரமும் ஜும்ஆவுக்குப் போனால் மிஞ்சுவது 30. வருகை 67 சதவீதத்துக்கும் கீழே. பாடவாரியாக 75 சதவீதம் கேட்கும் கல்லூரியில் மற்ற எல்லா வகுப்புக்கும் போன பிள்ளைக்கும் பரீட்சை எழுத முடியாத நிலை வரும். வாரம் 4 மணி நேரப் பாடமென்றால் சரியாக 75இல் நிற்கும், ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் கீழே போகும். ஆகவே வகுப்பைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் கெஞ்சுவதைவிட, பருவம் தொடங்கும் வாரத்திலேயே துறைத்தலைவரைப் பார்த்து அந்த ஒரு மணி நேரத்தை மாற்றக் கேளுங்கள். கால அட்டவணை போடும் நேரத்தில் மாற்றுவது எளிது. ஒரு மாதம் ஆன பின் யாராலும் முடியாது.

கல்லூரியே இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை நியூ காலேஜ், வண்டலூர் கிரசென்ட் போன்ற வளாகங்களில் இந்தக் கேள்வியே எழாது, பள்ளிவாசல் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் விரும்பிய பாடத்தை விட்டுக்கொடுக்க நான் சொல்ல மாட்டேன். பொதுக் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கேட்டு வாங்கும் பழக்கம் 18 வயதிலேயே வந்துவிடுகிறது. எனக்கு அது 23 வயதில்தான் வந்தது.

## யாருக்கு எது

சாச்சி மகளுக்கு வழி 3 சொன்னேன். அவளோடு உட்கார்ந்து மேலாளருக்கு 4 வரிச் செய்தி எழுதினோம். அதற்குப் பதில் வரும் வரை, ஏற்கெனவே அவளுக்குப் பழக்கமான வரவேற்பறைத் தோழியிடம் சொல்லி, காலியான அறையைக் கேட்டுத் தொழச் சொன்னேன்.

பள்ளிவாசல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஆண்களுக்கு வழி 1. வாடிக்கையாளரைத் தேடி ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் அதுவே, வழியில் உள்ள பள்ளிகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள பெண்களுக்கும் நீண்ட தூரம் பயணம் செய்பவர்களுக்கும் வழி 4, அதோடு அலுவலகம் போகும் நாட்களுக்கு வழி 3. பல மணி நேர அறுவை சிகிச்சையில் நிற்கும் மருத்துவர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாமா என்று கேட்கிறார்கள். ஊரிலிருக்கும்போது வேலைக்காகச் சேர்ப்பதை நம் இரு மத்ஹபிலும் வழக்கமாக ஏற்பதில்லை, தேவைக்கு அனுமதிக்கும் அறிஞர்கள் வேறு மத்ஹபில் இருக்கிறார்கள். இதைக் கண்டிப்பாக ஓர் ஆலிமிடம் நேரில் கேளுங்கள்.

நவம்பர், டிசம்பரில் பிற்பகல் 2 முதல் 5 வரை பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு: லுஹரை 1.30க்குள் முடித்துவிட்டு, ஒளுவோடு ஹாலுக்குள் போங்கள். 5 மணிக்கு வெளியே வந்தால் சூரியன் மறைய 40 நிமிடம்தான் இருக்கும். வாசலில் கூட்டமாக நின்று எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று பேச ஆரம்பித்தால் அந்த 40 நிமிடம் போவது தெரியாது. முஸல்லாவைப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் அஸர், விடையெல்லாம் விடுதிக்குப் போகும் பஸ்ஸில் பேசிக்கொள்ளலாம்.